கப்பல் மீன்

முகத்துவாரக்குப்பத்தில் குமாரவேலுக்கு ‘முங்கல்’ என்று பட்டப்பெயர். எண்ணூர் கடலில் ஆழமில்லாத இடத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலில் யார் வலை சிக்கினாலும், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்துவிடுவது அவன்தான். கல்யாணப் பந்தியில்கூட அவனைத் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரிப்பார்கள்.

அந்தக் கப்பலைச் சுற்றி அடையும் மீன்தான் குப்பத்துக்குச் சோறு. அங்கே சிக்கிய வலையை இழுக்கும்போது குப்பத்து மீனவன் தேசப்பன் கடலில் தவறி விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. அவன் மனைவி மலர் பொட்டு வைக்கவும் முடியாமல், அழிக்கவும் முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

தேடப் போன படகில், கயிறு பிடிக்க வந்த தணிகாசலம் மெல்ல ஆரம்பித்தான். “மாமு, அவன் அங்க கீறான்னே வெச்சிக்கோ, தூக்கினு வராத. கப்பல்ல பொணம்னா அந்த மீன எவனும் தொட மாட்டான். குப்பமே பட்டினிதான்.”

“அவன் இன்னா ஊறுகாயாடா, அங்கியே வுட்டு வெக்க?” என்று சொல்லிவிட்டுக் குமாரவேல் குதித்தான்.

துருப்பிடித்த ஏணி இடுக்கில் தேசப்பன் இருந்தான். முகத்தை மீன்கள் தின்றிருந்தன. குமாரவேல் படகிலிருந்து கொண்டுவந்த கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, தூக்கச் சொல்லி இழுத்துக் காட்டினான். மேலிருந்து கயிறு முழுவதும் அவிழ்ந்து அவன் தலைமேலேயே வந்து விழுந்தது.

காற்று தீர்ந்துகொண்டிருந்தது. தனியாளாக உடலை இழுக்க முடியவில்லை. தேசப்பனின் வெள்ளி அரைஞாணை அறுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான்.

“கவுறு கை நழுவிடுச்சி மாமு. கீய ஒண்ணியும் இல்லதான?” என்றான் தணிகாசலம்.

குமாரவேல் சிலிண்டரைக் கழற்றி வைத்தான். கரையில் இறங்கி, இடுப்பிலிருந்து அரைஞாணை எடுத்து மலரின் கையில் வைத்தான். அவள் அலறியதும், ஏலத்துக்குக் காத்திருந்த வியாபாரிகள் வெறும் கூடையோடு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.