பண்டத்தரிப்புக்குப் போன கம்பளி

காலை ஆறரைக்குக் கோப்பாயில் எங்கள் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தபோது கரியரில் ஒரு கம்பளி இருந்தது. பொலித்தீனால் சுற்றி, மேலே ஓர் உரப்பையால் மூடி, பழைய டியூப்பை நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தேன். ஆண்டு தொண்ணூற்றிரண்டு, ஐப்பசி முதற் கிழமை. முந்திய நாள் பெய்த மழையில் ஒழுங்கையெல்லாம் சேறு. யாழ்ப்பாணத்தில் கம்பளி கட்டிக்கொண்டு பயணம் போகும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று பெடலை மிதித்தேன்.

போக வேண்டிய இடம் பண்டத்தரிப்பு. தூரம் பத்து மைலுக்குக் கொஞ்சம் கூட. அங்கே என் தங்கையின் மகள் சுகந்திக்கு எட்டாம் மாதத்திலேயே பெண்குழந்தை பிறந்துவிட்டது. தங்கை கொழும்பில் அகப்பட்டுக் கிடந்தாள்; சண்டையால் மூடிய பாதை திறந்தாலொழிய அவள் வர வழியில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, பிள்ளையைச் சூடாக வைத்திருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மின்சாரம் போய் இரண்டு வருடமான ஊரில் சூடு என்றால் அது துணியால்தான் வர வேண்டும். திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு வந்த ஒருவரிடம் சுகந்தி சொல்லி அனுப்பியிருந்தாள்: பொம்மர் விமானம் வரும்போதெல்லாம் பிள்ளையோடு பங்கருக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, மழையில் குழிச்சுவர் ஊறிக் கிடக்கிறது, ஏறி வரும்போது பிள்ளையின் கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருக்கிறது, பெரியம்மாவின் மலைநாட்டுக் கம்பளி இன்னும் இருக்கிறதா?

இருந்தது. என் கணவர் நானுஓயாவில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த பதினொரு வருடமும் அதைத்தான் போர்த்துக்கொண்டு படுத்தோம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அங்கிருந்து கிளம்பியபோது மேசை கதிரையெல்லாம் விட்டேன், இதை விடவில்லை. கம்பளி விஷயத்தில் என்னோடு வாய் கொடுத்து யாரும் தப்ப முடியாது. பச்சைத் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். சவர்க்காரத்தை முதலில் கரைத்துவிட்டுப் பிறகுதான் கம்பளியைப் போட வேண்டும். கசக்கவோ முறுக்கவோ கூடாது. துவாயோடு சேர்த்துச் சுருட்டித் தண்ணீரை ஒற்றியெடுத்து, நிழலில் படுக்கையாக விரிக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே இழுபட்டு உருக்குலைந்து போகும். பூச்சி உருண்டை கடைகளில் இல்லாமற் போன பிறகு றங்குப் பெட்டிக்குள் வேப்பிலையும் புகையிலைக் காம்பும் போட்டு வைத்தேன். ஓர் ஓட்டை விழவில்லை. ஆனால் புகையிலை நெடி ஏறிவிட்டது. பச்சைப் பிள்ளைக்குப் போர்த்துமுன் தோய்த்தே ஆக வேண்டும். அதற்காக, ஒளித்து வைத்திருந்த அரைக்கட்டிச் சவர்க்காரத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்போது அது கிடைத்தால் ஒரு கட்டி எழுபது ரூபாய்.

புறப்படும்போது இவர் வாசலில் நின்று, "மார்கழிக்கு என்ரை முழங்கால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். 

"மார்கழி வரட்டும், பாப்பம்" என்றேன்.

மினிவான் ஓடாமல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடி, உள்ளே இருக்கிறவர்களையும் புகைபோட்டு இறக்கிவிடும் வாகனம் அது. புகையிலை மணம் போதாதென்று மண்ணெண்ணெய் மணமும் கம்பளிக்கு வேண்டாம்.

ஏழு மணிக்கு உரும்பிராய்ச் சந்தி. இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம், மரவள்ளியும் வாழையும் மழை குடித்துத் தலையாட்டின. அங்கிருந்து மேற்கே மானிப்பாய் வீதியில் திரும்பினால் இணுவில் வரைக்கும் றோட்டு என்று சொல்லக்கூடிய மாதிரி ஒன்று இருக்கிறது, மற்றதெல்லாம் கிடங்கும் குழியும். இணுவிலில் பின்சில்லுக் காற்றுப் போயிற்று. ஒட்டுக்கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே உரப்பையைப் பார்த்தார்.

"என்னக்கா, அரிசியோ?"

"இல்லைத் தம்பி, கம்பளி."

அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டியளோ?"

"ஓம், பண்டத்தரிப்புக்கு. கெதியா ஒட்டும்."

பத்து ரூபாய் எடுத்தார். ஒட்டு நன்றாகவே நின்றது.

மானிப்பாய்க்குள் நுழைய எட்டேகால் ஆகிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு தேநீர்க் கடைக்குள் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு ஏறினேன். சைக்கிள் வெளியே நிற்கட்டும் என்றார் கடைக்காரர். நான் கட்டை அவிழ்த்துக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, அது நனையட்டும்" என்றேன். பனங்கட்டித் துண்டோடு இஞ்சித் தேநீர் மூன்று ரூபாய். மழை விட்டதும் கிளம்பி, சண்டிலிப்பாய் வயல்வெளியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி, பத்து மணிக்கு முன்னர் பண்டத்தரிப்பில் சுகந்தியின் வளவுக்குள் நுழைந்தேன்.

சுகந்தியின் கணவன் சிவநேசன் வெங்காயத் தோட்டக்காரர். நல்ல உயரம், கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவார். என் கரியரிலிருந்து கம்பளியைக் கோயில் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே பிள்ளை, ஆகவும் நாலு இறாத்தல், இரண்டு கிலோகூட இல்லை. ஒரு பாதம் என் சுண்டுவிரல் நீளம்தான் வரும். அதைத் தொட்டபோது உண்மையிலேயே குளிர்ந்திருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இரண்டு பாதத்தையும் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தேன்.

சிவநேசன் வாசற்படியிலேயே நின்றார். "வாருமன் உள்ளுக்கு" என்றேன்.

"அவர் வரமாட்டார் பெரியம்மா" என்றாள் சுகந்தி. "பிறந்த நாள் தொட்டு ஒருக்காலும் தூக்கேல்லை. வாசல்லை நிண்டு பாப்பார், போவார்."

"மண்வெட்டி பிடிச்ச கை மாமி" என்றார் அவர். "பயமாக் கிடக்கு."

சவர்க்காரத்தை எடுத்து வைத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கம்பளியைத் தோய்ப்பதாகச் சொன்னேன். இந்த ஈரக் காற்றில் காய ஒன்றரை நாளாவது வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: எப்படித் தோய்ப்பது என்பதை. அது என் வேலை, அவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். முருங்கைக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டு, பத்து மைல் மிதித்த காலை நீட்டிப் படுத்தவள் அயர்ந்துபோனேன்.

கிணற்றடியில் யாரோ துணி அடிக்கும் சத்தத்தில்தான் விழித்தேன். நல்ல கையாக இருக்கிறதே, சிவநேசன் இடுப்பில் உடுக்கிற சாறமாக்கும் என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். பிறகுதான் கொடியில் சாறம் காய்ந்துகொண்டிருப்பது யன்னலால் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பில் பனங்கிழங்கு அவிக்கிற பெரிய கிடாரம் ஆவி பறந்துகொண்டிருந்தது. சிவநேசன் தலைக்குமேல் ஓங்கிக் கம்பளியைத் தோய்கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். கல்லைச் சுற்றிப் பிழிந்த பனங்கொட்டைகள். சவர்க்காரம் கண்ணில் காணாத அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் பனம்பழத்தைப் பிசைந்து அந்தச் சாற்றில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். பருத்தித் துணிக்கு அது அருமையாக ஊத்தை எடுக்கும்.

என்னைக் கண்டதும் வியர்வையோடு சிரித்தார். "நீங்கள் களைச்சுப்போய்ப் படுத்திருந்தியள் மாமி. அதுதான் நானே தோய்ச்சுப் போட்டன். கிருமி ஒண்டும் இருக்கக் கூடாதெண்டு நல்லாக் கொதிக்க வைச்சனான். சவர்க்காரம் பிள்ளையின்ரை துணிக்கு இருக்கட்டும்."

கம்பளியை விரித்தேன். ஏழடி நீளம் இருந்தது நாலடிக்கு வந்துவிட்டது. அகலம் மூன்றடிகூட இல்லை. மயிர் மயிராக இருந்த சாம்பல் நிறக் கம்பளி ஒரே தட்டாக இறுகி, பனம்பழ மஞ்சள் ஏறி, கனத்த சாக்குப் போலக் கிடந்தது.

"பிழையோ மாமி?"

"பிழையோ எண்டு கேக்கிறீரோ? பதினொரு வருசம் குளிருக்குள்ளை நான் தோய்ச்ச கம்பளி. ஒரு விரற்கடை சுருங்கேல்லை. நீர் ஒரு மத்தியானத்திலை அரைவாசியாக்கிப் போட்டீர். சுடுதண்ணியிலை அவிச்சு, கல்லிலையும் அடிச்சு. பிள்ளைக்கு இனி எதைப் போர்க்கிறது?"

இன்னும் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு வாய் சும்மா இராது. அவர் கையில் வழிந்த பனஞ்சாற்றைச் சாறத்தில் துடைத்துத் துடைத்து நின்றார். சுகந்தி வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள்.

மறுநாள் காலை வெயில் எறித்தது. இனி நிழல் என்ன, வெயில் என்ன என்று முற்றத்தில் பாய் போட்டு அதை விரித்தேன். பனம்பழ மணத்துக்கு அயல்வீட்டுப் பசு வேலியை முட்டிக்கொண்டு வந்தது. பனஞ்சாற்றில் தோய்த்த துணி என்றால் மாடு விடாது, கொடியிலேயே நின்று சப்பித் தின்றுவிடும். சிவநேசன் ஒரு பூவரசந் தடியோடு பாய்க்குப் பக்கத்தில் குந்தியவர், தோட்டத்துக்குப் போகவேயில்லை. வெயில் ஏற ஏறத் திருப்பித் திருப்பிப் போட்டார். பாவமாக இருந்தது. ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு மணிக்கு அது முறுகக் காய்ந்திருந்தது. கையில் எடுத்து வாயால் ஊதிப் பார்த்தேன். மறுபக்கம் காற்று வரவில்லை. முன்பென்றால் வரும். தண்ணீர் கொஞ்சம் தெளித்தேன். முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. சுகந்தியைக் கூப்பிட்டுப் பிள்ளையை அதன் நடுவில் கிடத்தி, கால்மாட்டை மடித்து, இரண்டு பக்கமும் சுற்றினேன். அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது. பெரிய கம்பளியாக இருந்திருந்தால் நாலாக மடித்து அந்த நாலு இறாத்தலை அமுக்கியிருப்போம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது, மனம் இடம் கொடுக்கவில்லை.

சுற்றி முடித்துக் கொஞ்ச நேரத்தில் பொம்மர் சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கரடிக்கு ஓடினோம். நான் முதலில் இறங்கினேன். மண்படிகள் மழையில் வழுக்கின. சுகந்திக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, பிள்ளையோடு இறங்க முடியாமல் மேற்படியில் தடுமாறினாள். சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது. "பிடியுங்கோ" என்று பிள்ளையைச் சிவநேசனின் கையில் திணித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவர் கடைசியாக இறங்கினார். துணியில் சுற்றிய பிள்ளை கையில் துவளும், எங்கே பிடிப்பது என்று தெரியாது. இது துவளவில்லை. விறைப்பான கம்பளிக்குள் தலையும் முதுகும் ஒரே நேராகக் கிடந்தன. மண்வெட்டி பிடிக்கிற கைக்கும் பிடி கிடைத்துவிட்டது. குழிக்குள் அவர் குனிந்தபடி நின்றார். சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் முதுகை நனைத்தது. வடக்குப் பக்கமாக இரண்டு குண்டு விழுந்தது. மண் உதிர்ந்தது.

சத்தம் ஓய்ந்து மேலே ஏறியதும் நான் கம்பளியின் கால்மாட்டுக்குள் கையை விட்டேன். இரண்டு பாதமும் சூடாக இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவில்லை.

"சூடாக் கிடக்கு" என்றேன்.

"மெய்யாவோ மாமி?"

"நீரே பாரும்."

அவர் ஒரு விரலை உள்ளே விட்டார். சுகந்தி பிள்ளையைக் கேட்டுக் கையை நீட்டினாள். "கொஞ்சம் பொறு" என்றார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு உரப்பையை மடித்துக் கரியரில் நானே கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோப்பாய்க்குத் திரும்பியதும் முழங்காலுக்குக் கம்பளி கேட்டு இவர் முறைப்பாடு வைப்பார். பழைய சேலை இரண்டை ஒட்டித் தைத்துப் பருத்திப் போர்வை செய்து கொடுப்பதென்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன். சிவநேசன் பிள்ளையோடு படலை வரை வந்தார்.

"மாமி, இனிக் கம்பளியை எப்பிடித் தோய்க்கிறது? ஒருக்காச் சொல்லித் தாங்கோ."

பச்சைத் தண்ணீர், துவாய், நிழல் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"அது சுருங்கிற அளவெல்லாம் சுருங்கி முடிஞ்சுது தம்பி. இனி அதுக்கு ஒண்டும் ஆகாது. நீர் பயப்பிடாமல் தோயும்."

ஓம் என்றார். இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் படலையைச் சுகந்திதான் வந்து திறந்துவிட்டாள்.