கிளைடருக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் முட்டாள்தனத்தை நானே எழுதிவிடுகிறேன். ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி வாங்கும்போதே என் மனைவி ஏற்கெனவே பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

நாற்பது வயதில் எனக்குக் கிளைடர், அதாவது எஞ்சினே இல்லாத விமானம், ஓட்டும் ஆசை வந்தது. அப்போது பினாங்குப் பாலம் கிடையாது. ஞாயிறுதோறும் பினாங்குத் தீவிலிருந்து ஃபெரியில் கடல் தாண்டி, எஸ்டேட் நடுவே இருந்த பழைய ஓடுபாதைக்குப் போவேன்.

புது மோட்டார் சைக்கிளுக்கே பொட்டு வைக்கிறோமே! முதல்முறை பறக்கும் அன்று, பயிற்சியாளர் சிவம் அண்ணன் எல்லாம் சோதித்து முடித்த பிறகு, கிளைடரின் மூக்கில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினேன்.

அண்ணன் பின்னால் உட்கார, தரையிலிருந்த எஞ்சின் நீளக் கம்பியால் இழுத்துவிட மேலே ஏறினோம். ரப்பர் மரங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. வேகம் காட்டும் முள்ளோ பூஜ்யத்திலேயே நின்றது. தட்டினேன், அசையவில்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“அண்ணே, நாம பறக்கிறோமா, நிக்கிறோமா?”

“எனக்கும் பூஜ்யந்தான் காட்டுது. வேகம் கொறஞ்சா விழுந்துருவோம். வாய மூடு தம்பி, காத்து சத்தத்த வச்சுதான் எறக்கணும்!”

முருகனைக்கூட மனசுக்குள்தான் கூப்பிட்டேன்.

பத்திரமாக இறக்கிய அண்ணன், நேராகப் போய் மூக்கைப் பார்த்தார். வேகமுள்ளுக்குக் காற்று போகும் ஓட்டையைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

“இது யாரு வேல?”

ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து கிளைடரில் விரல் வைக்கும் முன் கேட்டுவிடுகிறேன். முதல் கேள்வியை அங்கேயே கேட்டேன்:

“அப்ப பொட்ட எங்கதான் வைக்கிறது, அண்ணே?”

“ஒன் நெத்தியில வை லா.”