தம்பியின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான்தான்

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தபோது, விதைப்பையில் இரண்டு விதைகளோடு மூன்றாவதாக ஒரு கட்டி இருப்பதாகத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். திருப்பூரில் வேலை பார்த்தபோது கண்ட இடத்துக்கும் போய் நோயை வாங்கி வந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, ஓங்கி அறைந்தேன்.

"சத்தியமா இல்லண்ணே!" என்று அழுதான். நான் நம்பவில்லை. அன்றே அரிமளத்தில் இருந்த பெண் வீட்டுக்குப் போன் போட்டு, "அவன் நடத்தை சரியில்லைங்க, வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். பெரிய நியாயவான் என்று நினைப்பு எனக்கு.

மறுநாள் புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது கட்டி இல்லைங்க, மூணாவது விதை. பொறக்கும்போதே இருந்திருக்கு. ரொம்ப அபூர்வம். ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கிட்டா போதும். தாராளமா கல்யாணம் பண்ணலாம்."

வெளியே ஓடிவந்து பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்தேன். "கூடப் பொறந்த அண்ணனே சொன்னீங்களே. இனி எதைங்க நம்புறது?" என்று வைத்துவிட்டார்.

தம்பி என்னைத் திட்டவில்லை. "வாங்கண்ணே, பஸ் வந்துரும்" என்றான்.

ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுகூட என்னால் முடியவில்லை.