வேலியிலிருந்து வந்த டிக் சத்தம்

ஸ்கந்தபுரத்தில் என் வீட்டு முற்றத்தில் கம்பி கட்டி, சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றை இணையத்தோடு இணைத்து விட்டிருக்கிறேன். எந்த நாட்டிலிருந்தும் அதன் அலைவரிசையை மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஒரு கிழமையாக எல்லா அலைவரிசையிலும் 'டிக், டிக்' என்றது. "இது எந்த நிலையம்?" என்று வெளிநாட்டு நேயர் ஒருவர் எழுதிக் கேட்டார். சின்ன ரேடியோவோடு சத்தம் கூடும் பக்கம் நடந்தேன். பக்கத்து வயல் அக்கா யானைக்காகப் போட்டிருந்த மின்வேலிக்கு வந்து சேர்ந்தேன்.

"வேலியை நிப்பாட்டச் சொல்லப் போறீரோ தம்பி? யானையை உம்மட ரேடியோவே கலைச்சு விரட்டும்?" நான் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அக்கா கேட்டார்.

வேலியில் எங்கேயோ பழுது என்று தோன்றியது. கம்பியோரமாக ரேடியோவை நீட்டிக்கொண்டு போனேன். ஒரு மூலையில் சத்தம் காதை அடைத்தது. அங்கே கிளுவை மரக் கொப்பு ஒன்று கம்பியில் உரசி, மின்சாரம் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அதுதான் முந்தநாள் யானை பயமில்லாமல் நெல்லுக்குள்ள இறங்கினது!"

அக்கா வேலியை நிறுத்திக் கொப்பை வெட்டினார். மறுபடி போட்டபோது டிக் இல்லை.

"கிழமைக்கு ஒருக்கா உந்த ரேடியோவோட ஒரு சுத்து வாரும்," என்றார்.