பெட்ரோல் பம்ப்பும் ஆறாவது கட்டமும்

'தனியார் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் இறக்குமதிச் சரக்கு தடுத்து வைக்கப்படுமானால், அத்தடையால் பொதுமக்களுக்கு இடையூறு நேருமா என்பதை அதிகாரி விசாரித்து அறிய வேண்டும்; நேருமெனில், உரிமைத் தகராறு தீரும்வரை காத்திராமல், இறக்குமதியாளரிடம் பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு, அவசியமான அளவுச் சரக்கை விடுவிக்கலாம்.'

நான் வேலை பார்த்த சுங்க அலுவலகத்தின் நடைமுறைப் புத்தகத்தில் இருந்த விதி இது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அல்ல.

அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. மயிலாப்பூரிலிருந்து டிராமில் போய் வருவேன். 1947ஆம் வருஷக் கோடை. யுத்தம் முடிந்திருந்தாலும் மோட்டார் உதிரிபாகங்களுக்குப் பஞ்சம் முடியவில்லை. எந்தக் கப்பலில் எது வந்தாலும் அதை வாங்க ஒருவர் காத்திருப்பார். அதைத் தடுக்கவும் ஒருவர் காத்திருப்பார். தடுக்கச் சொல்லும் மனுக்கள் என் மேஜைக்கு வரும். அவற்றைப் படித்து, அச்சிட்ட படிவம் ஒன்றை நிரப்பி, கையெழுத்துக்கு வைப்பது என் வேலை.

படிவத்தில் எட்டுக் கட்டங்கள். ஆறாவது கட்டத்தின் தலைப்பு, 'பொதுநலன் பாதிக்கப்படுமா?' அதில் 'ஆம்' என்று எழுதினால் விசாரணை அறிக்கை இணைக்க வேண்டும். சரக்கை நம்பியிருப்பவர்களின் வாக்குமூலம் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுக்க வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் எதுவும் வேண்டாம். ஆகவே எங்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தை முதலிலேயே நிரப்பிவிடுவது வழக்கம். திங்கட்கிழமை காலையில் படிவக் கட்டைப் பிரித்ததும், மனு எதுவும் வருவதற்கு முன்பே, வரிசையாக ஆறாவது கட்டத்தில் 'இல்லை' எழுதி அடுக்கி வைத்துக்கொள்வேன். கையெழுத்து அழகாக அமையும், அவசரம் இருக்காது. கப்பல் ஏறாத சரக்கைப் பற்றி, புகார் கொடுக்காத மனிதருக்காக, பொதுநலன் பாதிக்கப்படவில்லை என்று தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். இதில் ஏதும் தவறிருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அப்படி நிரம்பிய படிவங்களில் ஒன்று, ஒரு மரப்பெட்டி நிறைய வந்த பெட்ரோல் பம்ப்புகள் மீது போனது. வண்டியின் டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் கையடக்கமான கருவி அது. வரவழைத்தவர் ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். அந்தப் பம்ப்பின் உள்ளமைப்பு தங்கள் சீமைக் கம்பெனியின் காப்புரிமை என்று மனுக் கொடுத்தது பட்டணத்தின் பெரிய மோட்டார் கம்பெனி ஒன்று. கம்பெனியின் காகிதங்கள் சரியாகவே இருந்தன. ஒருவன் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை இன்னொருவன் பிரித்துப் பார்த்து அச்செடுத்து விற்கலாம் என்று விட்டுவிட்டால், பிறகு யாரும் எதையும் புதிதாகச் செய்ய மாட்டார்கள். அதுவும் பொதுநலன்தான். பெட்டி கிடங்குக்குப் போயிற்று.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாயே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

"நர்ஸம்மா அனுப்பிச்சாங்க சார். உங்க ஆபீசாண்ட என் பொட்டி ஒண்ணு குந்திகினு கீது."

நர்ஸம்மா என்பவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். என் மூத்த பெண் பிறந்தது அங்கேதான். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக ஒரு பழைய வேன் இருந்தது. அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால், ஊரூர்க் குப்பத்துப் பெண்களுக்கு வலி கண்டால் கட்டிலோடு சாலை முனை வரை தூக்கி வருவார்கள். அங்கிருந்து வேன் ஏற்றிக்கொண்டு வரும். அந்த வேன் நின்று போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பாய் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அந்த வேனின் செத்துப்போன பழைய பம்ப்.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டேன், தெரியாதவனைப் போல.

"இதே பம்ப்புதான் சார். கம்பெனிக்காரன் தன்னோட அச்சுன்றான். சரி, அவன் அச்சாவே இருக்கட்டும். அவன் கடைக்கே போயி, ஒண்ணு குடு நைனா, துட்டு குடுத்து வாங்கிக்கிறேன்னேன். கப்பல் வரட்டும்ன்றான். அவனாண்டயும் இல்ல, நானும் குடுக்கக்கூடாதுன்னா வண்டி இன்னா தண்ணி குடிச்சா ஓடும்?"

"சட்டம் அப்படி இருக்கு."

"சட்டத்த நா இன்னா சொன்னேன்? பொட்டி பூரா அவனே வச்சிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு குடுத்தா வேன்ல மாட்டிருவேன். மழைக்கு முன்னாடி ஓடணும் சார். மழையில ரிக்சாகாரன் பாலம் தாண்ட மாட்டான். பொதுஜனத்துக்குத் தேவைன்னு ஒரு வரி எழுதினா உட்ருவாங்களாமே? எழுத வேண்டியவரு யாருன்னு மட்டும் சொல்லுங்க. போயி கால்ல உழுந்துட்டு வந்துர்றேன்."

விழ வேண்டிய கால் அவருக்கு எதிரே செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தது. "விசாரிக்கிறேன்" என்றேன்.

விசாரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். எழுதியதை அடிக்க வேண்டுமானால், விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு ஒரு திருத்தக் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனேன். மாட வீதிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"என்ன ஓய், எழுதினதை நீரே அடிச்சுண்டு வந்து நிக்கறீர்?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"தப்புன்னு யார் சொன்னா? கம்பெனிக்காரன் சொன்னானா, துரை சொன்னாரா?"

"அந்தப் பம்ப் இல்லாம ஆஸ்பத்திரி வேன் நிக்கறது. உங்காத்துப் பொண்ணுக்கே அங்கதானே பிரசவம் ஆச்சு."

"வேனா பிரசவம் பார்த்தது?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இதோ பாரும். கையெழுத்தாகி ரெகார்டுல ஏறினதை இங்க யாரும் மாத்த முடியாது. டெல்லிக்கு எழுதணும். அங்க எந்த நாற்காலி யாரோடதுன்னே தெரியாம அலைஞ்சிண்டிருக்கா. ராஜ்யத்தையே ரெண்டாப் பிரிக்கறான். உம்ம பம்ப்பை எவன் பார்க்கப்போறான்?"

"எழுதிப் பார்க்கலாமே."

"எழுதும். மூணு பிரதி."

ஆவணியில் எழுதினோம். மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம் என்று விதி இருந்தது. மாதம் ஒன்று அனுப்பினேன். கம்பெனிக்காரர்களையும் நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே மரியாதையாகக் காபி கொடுத்தார்கள். ஒரு பம்ப்பை விட்டுக்கொடுத்தால் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருந்தாராம். அவர் சொன்னதும் முழுத் தவறில்லை.

பாய் சும்மா இருக்கவில்லை. வேனின் கூரை மேல் ஒரு தகர டின்னைக் கட்டி, ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் தானே இறங்கி வரும்படி செய்துவிட்டார். வேன் ஓடிற்று. ஐந்தாவது நாள் வண்டிப் பரிசோதகர் ஒருவர் லஸ் முனையில் நிறுத்தி, தலைக்கு மேல் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணிகளை ஏற்றிப் போவது பொதுமக்களுக்கு அபாயம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். டின் இறங்கியது. நியாயமான உத்தரவு. பொதுநலன் கருதி அந்த வருஷம் நான் கண்ட உத்தரவுகளில் அதே நாளில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணுக்கு அம்மை குத்துவது பற்றிக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸம்மா வராந்தாவில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினார்.

"வியாழக்கிழமை குப்பத்துலேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு சார். தலைப்பிரசவம். காலையில பத்து மணிக்கு வலி. மழையில ஒரு ரிக்‌ஷாவும் அந்தப் பக்கம் போகல. கட்டில்லயே வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, நாலு பேரு, பாலம் தாண்டி இங்க வரைக்கும். வந்து சேர மூணரை."

கையிலிருந்த துணியை மடித்து முடித்தார்.

"தாய் பொழைச்சுது. ஆம்பளப் புள்ள. ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா உயிரோட எடுத்திருக்கலாம்." இன்னொரு துணியை எடுத்து மடித்தார். "அந்தப் பம்ப் விஷயம் என்ன ஆச்சு சார்?"

"டெல்லிக்கு எழுதியிருக்கு."

"ஓ."

"முதல்ல பொதுநலன் பாதிக்கப்படாதுன்னு எழுதினது நான்தான். விசாரிக்காம எழுதினேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "பாய் உங்க வீட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா நான் நேரா வந்து உங்க துரையப் பார்த்திருப்பேனே சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே யாரோ கூப்பிட எழுந்து போனார்.

அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியது. அதிகாரி வெள்ளைக்காரர், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவர். ரெகார்டில் என்ன ஏறியிருந்தாலும், ஒரு நர்ஸ் எதிரே வந்து நின்றிருந்தால், விதி தந்த அதிகாரத்தில் விடுவிக்கச் சொல்லிப் போகிற போக்கில் கையெழுத்துப் போட்டிருப்பார். நடைமுறை தெரிந்த எனக்கு இந்த வழி தோன்றவேயில்லை. அடுத்த திங்களிலிருந்து ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். ஹெட் கிளார்க் கவனித்தார். வேலை இரண்டு மடங்காயிற்று.

டெல்லியிலிருந்து வந்த பதில் நான்கு வரி. தகராறு நிலுவையில் இருந்தாலும், பொதுநலனுக்கு அவசியமான பம்ப்புகளைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க ஆட்சேபணை இல்லை. அந்த அவசியம் இன்னும் நீடிக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளவும். நீடிக்கிறது என்று அன்றே எழுதினேன், இந்த முறை விசாரித்து. பாய் பம்ப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினியூண்டு சார்" என்றார். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வேன் கிளம்பியதை நர்ஸம்மா வாசலில் நின்று பார்த்தார். அது தெருமுனை திரும்பிய பிறகு, ஐப்பசி மாத அறிக்கையில் வேன் வராததற்குக் காரணம் என்ற இடத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருப்பதாகச் சொல்லி, பதில் என்றைக்கு வந்தது என்று கேட்டார். சொன்னேன்: 1948, பங்குனி, அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மறுநாள்.