அதே மெட்டில் வேறு சொற்கள்

ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பு ஒன்று போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஊர்ந்து வந்ததையும், அதிலிருந்து எழுந்த பாட்டுக்கு வீதியே சிரித்ததையும் என்னால் மறக்க இயலவில்லை. எழுபதுகளின் தொடக்கம், தேர்தல் காலம். பாட்டை எழுதியவர் என் பெரியப்பா. நாடகக் குழுக்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் பாட்டெழுதுவதையே முப்பதாண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவர். எதிர் வேட்பாளரின் மூத்த மகள், ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு ஓட்டுநர் ஒருவரை விரும்பி மணந்து மலையூரான குரங்கணிக்குப் போய்விட்டிருந்தாள். மகளைக் காக்கத் தெரியாதவர் ஊரைக் காப்பாரா என்பதே பாட்டின் சாரம். அதன் சொற்களை இங்கே எழுத மாட்டேன். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். தேர்தல் முடிந்தது; பாட்டு முடியவில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் கைவேலையோடு அதைப் பாடினார்கள்.

எட்டாண்டுகள் கழித்து, குரங்கணியிலிருந்து நானும் பெரியப்பாவும் திரும்பிய ஜீப்பில், எதிரே வந்து அமர்ந்தாள் அந்த மூத்த மகள்.

“பாட்டுக்காரய்யாதானே? என்னையத் தெரியுதா? உங்க பாட்டுல வர்றவ.”

பெரியப்பா கைகூப்பினார். “தப்புப் பண்ணிட்டேன் தாயி.”

“எனக்கென்ன, புருசன் பிள்ளையோட நல்லாத்தான் இருக்கேன். என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவுகள்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுட்டுல்ல திரும்பிப் போனாக! இப்பத்தான் தேவாரம் ஊர்ல ஒரு இடம் கூடியிருக்கு. கல்யாணத்தன்னைக்கு எவனாச்சும் அதை முணுமுணுத்தா என்னய்யா செய்யிறது?”

“நான் என்ன செய்யணும், சொல்லு தாயி.”

“அதே மெட்டுல ஒரு வாழ்த்து எழுதித் தாங்க. கேக்குறவுகளுக்குப் பழசு மறந்து போகணும். வெரசா எழுதுங்க. வையிறதுக்கு மட்டும் ஒரே நாள்ல எழுதுனீகளாம்ல!”

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. ஒரு காலைப்பொழுதில் நான்கு பாட்டு எழுதக்கூடிய அவருக்கு அந்த ஒரு வாழ்த்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. எந்த அடியைத் தொடங்கினாலும் பழைய அடி முந்திக்கொண்டு வந்து நிற்கிறது என்றார்.

திருமணப் பந்தலில் ஆர்மோனியம் அந்த மெட்டை எடுத்ததும் பேச்சு அடங்கியது. மணப்பெண்ணின் விரல்கள் மாலையை இறுகப் பற்றின. பிறகு புதிய சொற்கள் வந்தன: ஜீப்பில் மலையேறிப் போன அக்காள், தங்கைக்குச் சீர் ஏற்றிக்கொண்டு அதே ஜீப்பில் இறங்கி வருகிறாள். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் தாயார், “இன்னொருக்கா பாடச் சொல்லுங்கப்பு” என்றார். பந்தற்காலைப் பிடித்தபடி நின்ற பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத் திருமணங்களில் இன்றும் அவ்வாழ்த்தைப் பாடுகிறார்கள். அந்த மெட்டுக்கு வேறு சொற்கள் இருந்தன என்பதே இளையவர்களுக்குத் தெரியாது. ஆர்மோனியம் தொடங்கியதும் என் நாவில் முதலில் எழுவது மட்டும் பழைய அடிதான். வாயை இறுக மூடிக்கொண்டு, மற்றவர்கள் பாடத் தொடங்கும்வரை காத்திருக்கிறேன்.