கெர்கெய் நாளில் இன்னொரு பெயர்

செகெட் நகரத்துக் காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு. அந்நாளில் அப்பெயருக்குரியவர் பலகாரம் கொண்டுவருவார். மற்றவர்கள் வாழ்த்திவிட்டுச் சாப்பிடுவார்கள். கார்வாரில் பிறந்த உயிர்வேதியியலாளர் சுலபா நாட்கர்ணி, அந்த அயல்நாட்டு நகரத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாள்முதல் பிறருடைய பலகாரங்களையே சாப்பிட்டுவந்தாள். அவள் பெயர் எந்தக் காலண்டரிலும் இல்லை.

மிளகாய்த்தூளின் சிவப்பை வெளிறவைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தவள் அவளே. குளிர் அறையில் கம்பளிக் கோட்டோடு நின்று, விரல்கள் மரத்துப்போக, ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. அதைப் பற்றிய கட்டுரையின் அச்சுப்படி, பேராசிரியர் கெர்கெயின் பெயர்நாளான மார்ச் பன்னிரண்டாம் தேதி வந்துசேர்ந்தது. கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால், பிழை திருத்தும் பொறுப்பு வழக்கம்போல் அவளுக்கே வந்தது.

தலைப்பின் கீழே பேராசிரியரின் பெயர் மட்டுமே இருந்தது. கடைசிப் பக்கத்தில், "திறமையான உதவிக்கு நன்றி" என்ற வரியில் அவளுடைய பெயர்.

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த பிரோஷ்கா அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி, இந்தத் தடவையும் வாலுலதான் உன்னைக் கட்டியிருக்காரா?"

"ஆமா, பிரோஷ்காம்மா."

"காலண்டர்ல இல்லாத பேரு. மனுஷன் எங்க போய்த் தேடுவார், பாவம்."

சுலபாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது. மற்ற பிழைகளையெல்லாம் திருத்தி முடித்தாள். பிறகு தலைப்பின் கீழே, விடுபட்டதற்கான குறியை இட்டு, ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியரிடம் போனாள். அவரைச் சுற்றி எல்லோரும் கோப்பைகளுடன் நின்றிருந்தார்கள்.

"உங்களை எழுத்துப்பிழையைத்தானே திருத்தச் சொன்னேன், சுலபா?"

"விட்டுப்போனதும் பிழைதான் சார்."

"நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன். உதவி செஞ்சவங்களுக்கு நன்றி சொல்லலாம். இது என் வேலை."

"அடுத்த கட்டுரைல பாக்கலாம்."

"போன கட்டுரைக்கும் இதையேதான் சொன்னீங்க."

ஒருவரும் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பேராசிரியர் பேனாவைத் திறந்து, ஓரத்தில் இருந்த அவள் பெயரின்மேல் நேர்க்கோடு ஒன்றை இழுத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சுலபா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். தன் பேனாவால் நன்றி வரியை அடித்தாள்.

"இதுவும் வேண்டாம் சார். பாதி உண்மை எனக்குப் பழக்கமில்லை."

கட்டுரை அப்படியே வெளிவந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. ஒரு பிழையும் இல்லை.

மறு ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி பிரோஷ்கா அவளை வழிமறித்தார். "நாளைக்கு வெறுங்கையோட வந்துடாதே. உன் பேர்நாள்."

"யார் சொன்னது?"

"நான்தான். பாட்டில் கழுவுறவ சொன்னா செல்லாதா?"

மறுநாள் சுலபா, ஊரில் செய்வதுபோல் மைதாவைப் பிசைந்து வெட்டிப் பொரித்த ஷங்கர்பாளேயைத் தட்டில் கொண்டுவந்தாள். பேராசிரியரின் போகாச்சா ரொட்டிகளுக்குப் பக்கத்தில் அதைக் கண்ட அவர், "இன்னைக்கு வேற யாருக்கு?" என்று கேட்டார்.

பிரோஷ்கா சுவரைக் காட்டினார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரின் அருகே போனார். அச்சிட்ட 'கெர்கெய்' என்ற பெயரின் கீழே, அதே கட்டத்தில், பென்சிலால் இன்னொரு பெயர் எழுதியிருந்தது. அதை மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

பிறகு அவளிடம் வந்து, "நல்லா இருங்க, சுலபா," என்றார்.

வாழ்த்தியவருக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம். சுலபா தட்டை மட்டும் நீட்டினாள்.